வீட்டில் ஆரி வேலை எடுப்பவர்கள் கேட்பவை: நேரம், உடம்பு, ஆர்டர், காசு

ஆரி என்பது, இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி முனை ஊசியால் போடும் எம்பிராய்டரி. ஆரி வகுப்பு முடித்து வீட்டிலேயே பிளவுஸ் ஆர்டர் எடுப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். ஊசி பிடிக்கச் சொல்லித்தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு உட்காருவது, எத்தனை ஆர்டரோடு நிறுத்துவது, முதுகையும் கண்ணையும் எப்படிக் காப்பது என்பதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. நன்றாகக் கை வந்தவர்கள்கூட இரண்டு மூன்று சீசனில் ஊசியைக் கீழே வைத்துவிடுவதற்கு இந்த விஷயங்களே காரணமாகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கின்மேல் நிற்பதால், முதல்முறை வரிசையாகப் படியுங்கள்.

1. "வீட்டுல இருந்துதானே பண்றேன், எனக்கெதுக்கு டைம்டேபிள்? ஆர்டர் வந்தா உட்காருவேன், இல்லைன்னா மத்த வேலை."

ஆர்டர் சீராக வராது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. வந்தபோது உட்காரலாம் என்று இருந்தால், ஓய்ந்த மாதத்தில் கை சும்மா இருக்கும். குவிந்த மாதத்தில் ராத்திரி இரண்டு மணிவரை ஃபிரேம்மேல் (துணியை இழுத்துக் கட்டும் சட்டம்) குனிந்திருக்க நேரும்.

ஒரு பிளவுஸின் விலையில் நூல், பீட்ஸ், ஜரிக்குப் போவது கொஞ்சம்தான். பெரும்பங்கு உங்கள் நேரத்துக்கான காசு. டப்பாவில் பீட்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆர்டர் எடுக்கமாட்டீர்கள். கையில் நேரம் இருக்கிறதா என்றும் அதே மாதிரி பார்க்கவேண்டும். தினமும் உட்காரும் நேரம் நிலையாக இருந்தால்தான் அந்த இருப்பை எண்ணவே முடியும்.

2. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடலாம்? சிலர் பத்து மணி நேரம் போடுறேன்னு சொல்றாங்களே."

ஊசி கையில் இருக்கும் நேரத்தை மட்டும் 'ஊசி நேரம்' என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 மணி ஊசி நேரம் பெரும்பாலானோருக்கு நீடித்து ஓடும் அளவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 3 மணி போதும். டிரேஸ் எடுப்பது (டிசைனைத் துணியில் பதிப்பது), கடைக்குப் போவது, போன் பேசுவது, அளவு எடுப்பது, முடித்த துணியைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு இதற்குமேல் தினமும் இரண்டு மணியாவது போகும். பத்து மணி நேரம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஒரே மூச்சில் 45 முதல் 50 நிமிடம், பிறகு எழுந்து 10 நிமிடம். கை களைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது செயின் ஸ்டிச் என்னும் சங்கிலித் தையல்தான்: தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறத் தொடங்கும். அதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் போடும் அரைமணி நேர வேலையைப் பிரித்துத் திரும்பப் போட ஒரு மணி நேரம் பிடிக்கும்.

3. "குழந்தைங்க தூங்கினப்புறம்தான் எனக்கு நேரமே கிடைக்குது. ராத்திரி போட்டா தப்பா?"

தப்பில்லை. ஆனால் எல்லா வேலையும் ராத்திரிக்கு ஒத்துவராது. நிறம் சேர்ப்பதைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். மஞ்சள் விளக்கின்கீழ் ஆன்டிக் ஜரிக்கும் கோல்டு ஜரிக்கும், ராமர் பச்சைக்கும் பாட்டில் பச்சைக்கும் வித்தியாசம் பிடிபடாது. மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரால் டிரேஸ் எடுப்பவர்கள் அதையும் ஜன்னல் திறந்த பகல் நேரத்தில் செய்யவேண்டும். மூடிய அறையில் அந்த வாடை தலைவலி தரும், அடுப்புக்கு அருகில் ஆபத்தும்கூட.

பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இருந்தால் காலை 9.30 முதல் 12.30 வரை, மதியம் 2 முதல் 3.30 வரை என்று வைத்தால் பகலிலேயே நாலரை மணி தேறும். கைக்குழந்தை இருந்து ராத்திரிதான் வழி என்றால் 9 முதல் 11 வரை, போட்ட அவுட்லைனுக்குள் நிரப்பும் வேலை மட்டும். அப்போது உங்கள் ஊசி நேரம் 2 மணி என்று நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர்கள் எடுக்கும் ஆர்டரின் எண்ணிக்கை உங்களுக்குப் பொருந்தாது.

4. "ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா எனக்கே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு 40 பக்க நோட்டு போதும். அடுத்த பத்து பிளவுஸுக்கு, ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எழும்போதும் மணியைக் குறியுங்கள். டிசைன் வரைதலும் டிரேஸும், ஃபிரேம் கட்டுதல், அவுட்லைன், நிரப்புதல், கல்லும் பீட்ஸும் வைத்தல், முடிச்சுப் போட்டுப் பின்பக்கம் சுத்தம் செய்தல் என்று பகுதி பகுதியாக எழுதவேண்டும். மொத்தமாக 'மூன்று நாள்' என்று எழுதினால் எதுவும் தெரியாது.

பத்து முடிந்ததும் மூன்று வகையாகப் பிரித்துச் சராசரி எடுங்கள். கழுத்திலும் கையிலும் ஒற்றை பார்டர் போடும் எளிய வேலைக்கு 7 மணி, முழங்கைவரை புட்டாவோடு (தனித்தனிச் சிறு பூவேலை) போகும் நடுத்தர வேலைக்கு 18 மணி, முதுகு நிறைய சர்தோசியும் (சுருள் உலோகக் கம்பி வேலை) குந்தன் கல்லும் வைத்த மணப்பெண் பிளவுஸுக்கு 45 மணி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கைக்கு உங்கள் நோட்டு சொல்வதுதான் கணக்கு. எழுதிப் பார்ப்பவர்கள் பலரையும் வியக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு: கடைசியாக வரும் முடிச்சும் பின்பக்கச் சுத்தமும் நினைத்ததைவிட அதிகம் இழுக்கும்.

5. "அப்ப மாசத்துக்கு எத்தனை ஆர்டர் எடுக்கலாம்?"

தினம் 5 மணி வீதம் ஐந்து நாள், சனிக்கிழமை 3 மணி. வாரத்துக்கு 28 மணி ஊசி நேரம். ஞாயிறு விடுமுறை. இந்த 28-இல் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விடுங்கள்: மின்தடை, குழந்தைக்குக் காய்ச்சல், தப்பாகப் போட்டதைப் பிரிப்பது எல்லாம் அதிலிருந்துதான் கழியும். மிஞ்சுவது ஏறக்குறைய 22 மணி. நான்கு வாரத்துக்கு 88.

நான்காம் பதிலின் எண்களை வைத்தால், ஒரு மணப்பெண் பிளவுஸ் (45), நடுத்தரம் இரண்டு (36), எளியது ஒன்று (7). அதோடு அந்த மாதம் நிரம்பியது. முகூர்த்த நாள் அச்சிட்ட மாதக் காலண்டரைச் சுவரில் மாட்டி, அட்வான்ஸ் வந்த ஒவ்வொரு ஆர்டரின் மணிக்கணக்கையும் அந்தந்த வாரத்தில் எழுதிவிடுங்கள். 22 நிரம்பிய வாரத்துக்கு அடுத்து வருபவரிடம் "அந்த வாரம் முடிஞ்சுபோச்சுக்கா, அதுக்கு அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்ல வாய் வரும். கையில் கணக்கு இல்லாதவர்களுக்குத்தான் மறுக்க வாய் வராது.

6. "கல்யாணத்துக்கு முந்தின நாள் கொடுத்தாப் போதும்னு கஸ்டமரே சொல்றாங்க. ஒத்துக்கலாமா?"

வேண்டாம். ஆரி முடிந்தபிறகு தையல், போட்டுப் பார்த்தல், பிடித்துவிடுதல் எல்லாம் இருக்கிறது. கல்யாண அலைச்சலில் பெண் இளைத்தோ பூசியோ இருப்பாள். கடைசி நாளில் கை ஏறவில்லை என்றால் பழி உங்கள்மேல்தான் விழும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முகூர்த்தம் 30-ஆம் தேதி என்றால் தைத்த பிளவுஸ் 20-ஆம் தேதி வாடிக்கையாளர் கையில் இருக்கவேண்டும். தையலுக்கும் போட்டுப் பார்ப்பதற்கும் ஐந்து நாள், சரிபார்க்க ஒரு நாள் விட்டால் ஆரி 14-ஆம் தேதிக்குள் முடியவேண்டும். 45 மணி வேலைக்கு, வேறெதையும் தொடாவிட்டாலே இரண்டு வாரத்துக்குமேல் ஆகும். அப்படியென்றால் முந்தின மாதம் 29-இல் ஊசி இறங்கவேண்டும். டிசைன் முடிவாகி, நூலும் கல்லும் வாங்கிவைக்க அதற்கும் ஒரு வாரம் முன்னால். ஆக, மணப்பெண் பிளவுஸுக்கு ஆறு வாரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.

7. "தெரிஞ்சவங்ககிட்ட அட்வான்ஸ் கேக்கக் கூச்சமா இருக்கு மேடம்."

பாதிப் பணம் வந்த நாளில்தான் காலண்டரில் பெயர் ஏறும் என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். அத்தை மகளுக்கும் அதுவே. "நூல், கல்லு வாங்கப் பாதி குடுத்துட்டீங்கன்னா தேதியைக் குறிச்சுர்றேன்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லி நிறுத்துங்கள். அதற்குமேல் விளக்கம் கொடுக்கப் போனால்தான் பேரம் தொடங்கும்.

மணப்பெண் பிளவுஸுக்குத் தொடக்கத்தில் 50 சதவீதம், ஒரு கை முடிந்து படம் அனுப்பியதும் 30, கொடுக்கும்போது 20 என்று பிரிக்கலாம். நடுவில் வாங்கும் 30 சதவீதத்தில் இன்னொரு நன்மை உண்டு: படத்தைப் பார்த்துச் சரி என்று பணம் அனுப்பியவர், முடிந்தபின் "இது நான் கேட்டது இல்லையே" என்று சொல்வது அரிது.

8. "நாள் பூரா வாட்ஸ்அப்ல 'ரேட் எவ்ளோ'ன்னு வந்துட்டே இருக்கு. பதில் போடலைன்னா ஆர்டர் போயிடுமேன்னு பயம்."

ஒவ்வொரு மெசேஜுக்கும் எழுந்தால் விரல் நூலை விட்டுப் போனை எடுத்து, மறுபடி கோட்டைப் பிடிக்க ஐந்து நிமிடமாவது ஓடும். ஒரு நாளைக்கு இருபது முறை என்றால் நூறு நிமிடம். மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அரைமணி ஒதுக்கி மொத்தமாகப் பதில் போடுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். பள்ளியிலிருந்தும் வீட்டிலிருந்தும் வரும் அழைப்புக்கு மட்டும் தனி ரிங்டோன் வைத்தால் போதும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில், அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி, ஆர்டருக்கு நிற லேபிள் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. தானாகப் போகும் பதிலில் மூன்று வகையின் தொடக்க விலை, எத்தனை நாள் முன்னதாகச் சொல்லவேண்டும், எப்போது பேசலாம் ஆகிய மூன்றும் இருந்தால் விலை மட்டும் விசாரிப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வாங்குபவர்கள் 6 மணிவரை காத்திருப்பார்கள்.

9. "உட்கார்ந்தா டிசைனே தோண மாட்டேங்குது. அதுலயே அரைநாள் போயிடுது."

ஃபிரேம் கட்டியபின் யோசிக்கத் தொடங்குவதால் வரும் சிக்கல் இது. வரையும் வேலையையும் போடும் வேலையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தினமும் 15 நிமிடம், ஆர்டருக்குச் சம்பந்தமில்லாமல், கட்டம்போட்ட நோட்டில் ஒரு புட்டாவும் ஒரு பார்டரும் வரையுங்கள். நன்றாக வந்தாகவேண்டும் என்ற கட்டாயம் அந்த நோட்டில் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை சுற்றிலும் இருக்கின்றன. கோயில் தூணில் ஓடும் கொடி, காஞ்சிபுரம் பட்டின் ருத்ராட்ச பார்டர், மயில்கண், சிக்குக்கோலத்தின் சுழி எல்லாமே செயின் ஸ்டிச்சுக்கு இயல்பாக மடியும். கோலம் போட்டுப் பழகிய கைக்குப் புள்ளி வைத்து இடைவெளி பிரிப்பது தனியாகக் கற்கவேண்டியதில்லை. இணையத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு, எல்லோரும் போடும் அதே யானையும் பல்லக்கும்தான் கிடைக்கும். மாதக் கடைசியில் நோட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்து, அரையடித் துணியில் மாதிரி போட்டு, ஆன மணியை ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த வாடிக்கையாளருக்கு அந்தத் துணியைக் காட்டினால் விலையும் நாளும் அங்கேயே முடிவாகிவிடும்.

10. "ஆறு மாசமா இடுப்பு வலி, கழுத்து வலி. இந்த வேலைன்னா வரத்தான் செய்யுமா?"

இந்த வேலையின் அமைப்பே உடம்பைக் கட்டிப்போடுவது. ஆரி ஊசி, குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகளின் ஊசியிலிருந்து துணிக்கு வந்தது. இழுத்துக் கட்டிய துணியின் மேலே ஒரு கை ஊசியோடும், கீழே ஒரு கை நூலோடும் இருக்கவேண்டும். இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் உடம்பு நகராது, கழுத்துதான் குனியும். அதனால் ஃபிரேமின் உயரத்தைச் சரிசெய்வதே முதல் மருந்து.

நாற்காலியில் உட்காருபவர்களுக்கு, தோளைத் தளர்த்திக் கையை மடக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்தில் அல்லது இரண்டு விரல் மேலே துணி இருக்கவேண்டும். பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும். எட்டாவிட்டால் பலகை வையுங்கள். கண்ணுக்கும் துணிக்கும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய இடைவெளி. ஃபிரேமின் எதிர்ப்பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திச் சாய்வாக வைத்தால் குனிவது குறையும். தரையில் உட்காருபவர்கள் நான்கு அங்குல மெத்தைமேல் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்க்கவேண்டும். கால் மடக்குவதை ஒவ்வொரு இடைவேளையிலும் மாற்றுங்கள். வலி காலுக்குள் இறங்கினால், அல்லது கால் மரத்தால், எலும்பு மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டாம்.

11. "சாயங்காலம் ஆனா கண்ணு எரியுது, தலை வலிக்குது. கறுப்புத் துணின்னா இன்னும் மோசம்."

அறை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். வலது கையால் போடுபவர்களுக்கு இடது முன்பக்கத்திலிருந்து ஒரு மேசை விளக்கு வரவேண்டும், இடது கைக்காரர்களுக்கு வலது பக்கத்திலிருந்து. இல்லாவிட்டால் கையின் நிழல் கோட்டிலேயே விழும். 9 அல்லது 12 வாட் வெள்ளை எல்இடி போதும், பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி இருக்கட்டும். அறையை இருட்டாக்கிவிட்டு மேசை விளக்கை மட்டும் எரியவிடுவது கண்ணை இன்னும் களைக்கவைக்கும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் தெரியும்படி ஃபிரேமைப் போட்டால் இது தானாக நடக்கும். கூர்ந்து பார்க்கையில் இமைப்பது குறைவதால்தான் எரிச்சல். நூல் மாற்றும்போதெல்லாம் பத்துமுறை இமைப்பது என்று பழகலாம். கறுப்பு, கருநீலத் துணிக்கு மடியில் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் இழை நன்றாகத் தெரியும். நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஊசிமுனை மங்கினால் அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். பெரிய விளக்கு வாங்குவதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணாடி எழுதும் இடத்தில், ஃபிரேம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

12. "ராத்திரி தூக்கத்துல விரல் மரத்துப்போய் முழிச்சுக்கறேன். கையை உதறினா சரியாயிடுது."

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, உதறினால் தணிகிறது என்றால் மணிக்கட்டு வழியே போகும் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். ஆரம்பத்தில் பார்த்தால் ராத்திரி மட்டும் கட்டும் பட்டையும் ஓய்வுமே பலருக்குப் போதும். விட்டுவிட்டால் பிடிமானம் குறையும், பீட்ஸ் கையிலிருந்து நழுவும். மருத்துவரைப் பார்க்கும்வரை ஊசி நேரத்தைப் பாதியாக்குங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியின் பிடி மெல்லிதாக இருந்தால் அதன்மேல் துணிச்சுருளைச் சுற்றிப் பருமனாக்குங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குக் காலண்டரில் 22-க்குப் பதில் 11 என்று எழுதிவிட வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

13. "வேலைல உட்கார்ந்தா தண்ணி குடிக்கவே மறந்துடுது."

தண்ணீரைப் பக்கத்தில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். பட்டுத்துணியில் தண்ணீர் தெறித்தால் கறை நிற்கும், அதோடு குடிக்க எழுந்திருப்பதே இடைவேளையாகிவிடும். சாப்பாடு ஃபிரேம் இருக்கும் அறைக்கு வரக்கூடாது. சாப்பிட்டபின் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த கையோடுதான் பட்டைத் தொடவேண்டும்.

14. "காலைல உட்காரணும்னு ஒரு வாரம் ஒழுங்கா இருக்கேன், அப்புறம் விட்டுப்போயிடுது."

காலையில் உட்காருவது எளிதாக இருக்கவேண்டுமானால் முந்தின மாலையே வேலை நடக்கவேண்டும். எழும்போது அன்றைய வேலையைப் பாதி இதழில் நிறுத்துங்கள். நாளைய நூலைச் சுற்றி, பீட்ஸைக் கிண்ணத்தில் கொட்டி மூடி, ஃபிரேம்மேல் பழைய வேட்டித்துணியைப் போர்த்திவிடுங்கள். மறுநாள் துணியை விலக்கினால் எங்கே தொடங்குவது என்ற யோசனையே வராது, அந்த இதழை முடிக்கக் கை தானாகப் போகும். முழு மோடிஃப்பையும் முடித்துவிட்டு எழுந்தால் அடுத்த நாள் வெறும் கோட்டின் முன்னால் உட்காரவேண்டும். பலரும் அங்கேதான் போனை எடுக்கிறார்கள்.

உட்காரும் நேரத்தை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிந்துவையுங்கள்: பள்ளி வேன் போனதும், இரண்டாவது காபி முடிந்ததும். விசேஷம், காய்ச்சல், ஊருக்குப் போனது என்று இடைவெளி விழுந்தால் திரும்பும் முதல் நாள் ஒரு மணி, இரண்டாம் நாள் மூன்று மணி. விட்டதைப் பிடிக்கிறேன் என்று முதல் நாளே எட்டு மணி உட்கார்ந்தால் மூன்றாம் நாள் மறுபடி விட்டுப்போகும். அந்த இழப்புக்குத்தான் ஐந்தாம் பதிலில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினோம்.

15. "ஒரு சீசன்தானே, ரெண்டு மூணு ராத்திரி முழிச்சா என்ன ஆகிடும்?"

தூக்கமில்லாத கையில் நடக்கும் பிழைகளுக்கு ஒரு வகை உண்டு. பிளவுஸின் இரண்டு கையும் எதிரெதிராக வரவேண்டிய இடத்தில் இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டுவிடுவது. வரியின் முடிவில் முடிச்சை விட்டுவிடுவது: செயின் ஸ்டிச்சில் நுனி பூட்டப்படாவிட்டால் ஒரு நூலை இழுத்ததும் வரி முழுக்க உருவிக்கொண்டு வரும், அதுவும் கல்யாண மேடையில் வரும். பின்பக்க நூலை வெட்டப்போய்க் கத்தரிக்கோல் முனையால் பட்டைக் கிழிப்பது. மூன்றாவதற்கு மாற்றே இல்லை, துணிக்குக் காசு கொடுக்கவேண்டியதுதான்.

நாள் போதாது என்று தெரிந்ததும், குறைந்தது ஒரு வாரம் முன்னால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது வழியோடு சொல்லுங்கள்: முதுகில் புட்டாக்களின் இடைவெளியை ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றரை ஆக்கலாம், அல்லது நிரப்பு வேலையைத் தெரிந்த இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். விலையையும் அதற்கேற்பக் குறையுங்கள். முந்தின நாள் ராத்திரி சொல்லும் மன்னிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

16. "'சும்மாதானே உட்கார்ந்திருக்க'ன்னு வீட்டுல வேலை சொல்லிட்டே இருக்காங்க."

ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எது வேலை நேரம் என்று தெரிய வழியில்லை. ஒரே இடம், ஒரே நேரம் என்று ஒரு மாதம் தொடருங்கள். சுவர்க் காலண்டர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். மாமியாரிடமோ கணவரிடமோ பொதுவாகக் குறை சொல்வதைவிட "பன்னெண்டரை வரைக்கும் எழ முடியாது அத்தை, அதுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்று மணியோடு சொன்னால் ஏற்பார்கள், சொன்னபடி பன்னெண்டரைக்கு எழவும் வேண்டும். மாதாமாதம் ஒரே தேதியில் வீட்டுக்கு ஒரு தொகை கொடுப்பதும், சிறியதானாலும், பேச்சை மாற்றும்.

17. "வர்ற காசு எங்க போகுதுன்னே தெரியலை. வீட்டுச் செலவோட கலந்துடுது."

தொழிலுக்கென்று தனி சேமிப்புக் கணக்கு, அதற்கென்று தனி யுபிஐ. அட்வான்ஸ் அதில் வந்து அதிலேயே இருக்கட்டும். பிளவுஸைக் கொடுக்கும்வரை அந்தப் பணம் உங்களுடையதாகவில்லை. நூல், கல் வாங்க மட்டும் அதைத் தொடலாம்.

சனிக்கிழமை, அந்த வாரம் கொடுத்து முடித்த ஆர்டர்களின் பணத்தைப் பிரியுங்கள். 10,000 ரூபாய் என்றால், சாமானுக்கு ஆன 2,500-ஐ முதலில் எடுத்துவையுங்கள். மிச்சம் 7,500-இல் வீட்டுக்கு உங்கள் சம்பளமாக 4,500, ஓய்ந்த மாதங்களுக்காக 1,500, விளக்கு, ஃபிரேம், கண் பரிசோதனை போன்றவற்றுக்கு 750, உங்கள் கைச்செலவுக்கு 750. விகிதத்தை உங்கள் வீட்டுக்கேற்ப மாற்றலாம், ஓய்ந்த மாதப் பங்கை மட்டும் பூஜ்யமாக்காதீர்கள். தையில் சம்பாதித்ததுதான் புரட்டாசியில் சோறு போடும்.

18. "ரேட்டைக் குறைச்சாத்தான் நிக்கிறாங்க. குறைச்சா ராத்திரி உட்கார வேண்டியிருக்கு."

விலையை வாயில் வந்தபடி சொல்லாமல் மணியிலிருந்து கட்டுங்கள். நடுத்தர வேலை 18 மணி, மணிக்கு 120 ரூபாய் என்றால் 2,160. சாமான் 650. இரண்டும் சேர்ந்து 2,810. கரண்ட், ஊசி உடைவது, சேதம் என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 3,100. இதிலிருந்து 600 குறைத்தால் ஐந்து மணி நேரம் இலவசமாகப் போட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த ஐந்து மணி உங்கள் தூக்கத்திலிருந்துதான் வரும்.

குறைக்கச் சொன்னால் டிசைனைக் குறையுங்கள். "ரெண்டாயிரத்தஞ்சூறுக்கு கையில பார்டர் மட்டும் வரும், புட்டா வராது" என்று மாதிரித் துணியை எடுத்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி விலையோடு ஒப்பிடுபவரிடம் வாதாட வேண்டாம். அந்த விலை வேண்டுமென்றால் அந்த வேலைதான் அவருக்குச் சரி.

19. "ஆடி, மார்கழில ஆர்டரே இல்லை. அப்ப என்ன பண்றது?"

உண்மையில் அவை ஆர்டர் பிடிக்கும் மாதங்கள். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பவர்கள் ஆவணிக்குப் பிளவுஸ் தேடுவார்கள், மார்கழியில் தை முகூர்த்தத்துக்கான வேலை ஓடும். ஆறு வாரக் கணக்கைப் பார்த்தால் இது புரியும். ஆடி முதல் வாரத்திலேயே மாதிரித் துணிகளைப் படம் எடுத்துப் பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

நிஜமாகவே கை ஓய்ந்திருக்கும் நாட்களில் சரக்கை எண்ணி, தீர்ந்ததை மொத்தமாக வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்குச் சௌகார்பேட்டை ஒரு நாள் வேலை. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக ஓடினால் மாதத்துக்கு நான்கு நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஒரு பிளவுஸுக்கான பட்டுநூல் மொத்தத்தையும் ஒரே தடவையில், ஒரு கண்டு கூடுதலாக வாங்கவேண்டும். பிறகு போனால் அதே நிற எண்ணில்கூட நிறம் லேசாக மாறியிருக்கும்.

20. "பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் என்னை மாதிரி சின்ன ஆளுக்கு வேணுமா?"

உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு இலவசம், அரசு இணையதளத்தில் ஆதார் வைத்து நீங்களே செய்யலாம். காசு கேட்பவர்களிடம் போகவேண்டாம். வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். தமிழ்நாட்டுக்குள் வேலை செய்து கொடுப்பவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பி விற்பதானால் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாத முதல் ஞாயிறு ஒரு மணி நேரம், பில்களை ஒட்டி வரவுசெலவு எழுதிவிட்டால் ஆண்டுக் கடைசியில் திணறவேண்டாம்.

21. "பாதி போட்டு முடிச்சப்புறம் டிசைனை மாத்தச் சொல்றாங்க. நல்ல கஸ்டமர், மறுக்கவும் முடியலை."

டிரேஸ் எடுக்கும் முன், டிசைன் தாளையும் நூல் நிறங்களையும் சேர்த்து ஒரே படமாக அனுப்பி "இதுக்கு மேல மாத்தினா தனிச் சார்ஜ், நாளும் கூடும்" என்று எழுதி, அவர் சரி என்று பதில் போட்டபின்தான் ஊசி இறங்கவேண்டும். இருந்தும் கேட்டால் மறுக்கவேண்டாம். எத்தனை மணி கூடும் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், பதினெட்டாம் பதிலின்படி விலையும். காலண்டரில் அந்த வாரம் நிரம்பியிருந்தால் மாற்றத்துக்கு இடமில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பிரிப்பதிலும் ஆபத்து உண்டு: டிஷ்யூ, மெல்லிய பட்டில் ஊசி இறங்கிய துளை மறையாது. அதைப் படமெடுத்துக் காட்டினாலே பலர் மனம் மாறிவிடுவார்கள்.

22. "எல்லாம் ஒழுங்காத்தான் போகுது. ஆனா ஃபிரேமைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு. முன்னெல்லாம் எவ்வளவு ஆசையாப் போட்டேன்."

முதலில் வெறுப்பு எதன்மேல் என்று பிரித்துப் பாருங்கள். ஒரே டிசைனை எட்டாவது முறை போடுவதா, பேரம் பேசுவதா, உடம்பு வலியா. டிசைன் என்றால் அதை விலைப்பட்டியலிலிருந்து மூன்று மாதம் எடுத்துவிடுங்கள். பேரம் என்றால் எட்டாம் பதிலில் சொன்ன தானியங்கி மெசேஜில் விலையைத் தெளிவாக எழுதுங்கள். வலி என்றால் பத்து முதல் பன்னிரண்டுவரை மறுபடி பாருங்கள்.

எதுவென்று பிரிக்கவே முடியவில்லை என்றால் கையில் உள்ள ஆர்டரை முடித்துவிட்டுப் பத்து நாள் ஊசியைத் தொடவேண்டாம். ஓய்ந்த மாதத்துக்கு ஒதுக்கிய பணம் இதற்கும்தான். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். திரும்பி உட்காரும்போது முதல் துணி ஆர்டர் துணியாக இருக்கவேண்டாம். உங்கள் மகளுக்கோ உங்களுக்கோ ஒரு பிளவுஸ், வரைந்து வைத்த நோட்டிலிருந்து, நாளும் மணியும் குறிக்காமல்.